செய்தவர் ஒரு மிடறு குடிக்க வேண்டும்

உலகத்தில் எனக்கு நிபுணத்துவம் உள்ள துறை ஒன்றே ஒன்றுதான்: நண்பர்கள் கூடிக் குடிக்கும்போது விளையாட வேண்டிய விளையாட்டுகள். ஏ.சி. பழுது பார்ப்பது என் தொழில். அதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் திருச்சியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் துபாயில் ஒரே அறையில் மூன்று கட்டில் போட்டு ஆறு வருடம் வாழ்ந்தபோது, விடுமுறை நாள்தோறும் யார் எத்தனை மிடறு குடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவன் நான். அந்தப் பதவிக்கு ஓய்வூதியம் கிடையாது என்பதுதான் குறை.

மற்ற இரண்டு கட்டில்களில் இருந்தவர்கள் இலங்கையர்கள், மாத்தளை மாவட்டத்துக்காரர்கள். பெனடிக்ட் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ரிஸ்வான் அலுவிகாரையில் மிளகும் கிராம்பும் வாங்கி விற்கும் குடும்பம். ரிஸ்வான் குடிக்க மாட்டான். ஆனால் எல்லா விளையாட்டுக்கும் உட்காருவான், ஆரஞ்சு ஜூஸை வைத்துக்கொண்டு. தோற்றால் மனச்சாட்சியோடு முழு மிடறு குடிப்பான். நாங்கள் போதையானோம், அவன் பாத்ரூம் போனான்.

பெனடிக்டுக்கு இப்போது நாற்பத்தொரு வயதில் கல்யாணம். அதற்கு முன்னால் மூன்று பேரும் ஒரு நாள் கூடுவது என்று முடிவானது. நான் இணையத்தில் ஒரு சீட்டுப் பெட்டி வாங்கினேன். உலகத்தின் பிரபலமான குடி விளையாட்டுகள் எல்லாம் அதில் அடக்கம் என்று மேலே போட்டிருந்தது. படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெனடிக்ட் ஒரு கட்டைவிரல் அனுப்பினான். ஒரே ஒரு கட்டைவிரல். அதில் உற்சாகம் குறைவாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை கண்டியில் மாத்தளை பஸ் ஏறினேன். அதற்கு முன்னால் நடந்தது எதுவும் சொல்லும்படியாக இல்லை.

திருச்சியில் தனியார் பஸ் ஓட்டுநர்களுக்குக் கொலைவெறி என்று இத்தனை நாள் அபாண்டம் பேசியிருக்கிறேன். இந்த மலைப்பாதையில் ஓட்டுபவரைப் பார்த்த பிறகு அவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். டாஷ்போர்டில் புத்தரும் பிள்ளையாரும் மாதாவும் வரிசையாக மினுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரால் சமாளிக்க முடியாத வேலை என்று புரிந்துதான் மூன்று பேரை வைத்திருக்கிறார்.

கண்டக்டர் என் பையை வாங்கி ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் வைத்தார். பையில் என் உடுப்புகளும், அவற்றுக்குள் குழந்தையைப் போலச் சுற்றி வைத்த விமான நிலையத்து விஸ்கியும் இருந்தன. அக்குறணை தாண்டி ஒரு வளைவில் பிரேக் விழுந்தது. நின்றுகொண்டிருந்த பருத்த மனிதர் ஒருவர் முன்பக்கமாகத் தள்ளப்பட்டு என் பையின் மேல் அமர்ந்தார். சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சூடான எஞ்சின் மேல் ஊற்றிய விஸ்கி எப்படி மணக்கும் என்று அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்த எண்பது பேரும் தெரிந்துகொண்டோம்.

முன் இருக்கை மதகுருமார்களுக்கு என்று ஒதுக்கியது. அதில் ஒரு பிக்கு அமர்ந்திருந்தார். மறுநாள் போயா, அதாவது பௌர்ணமி. நாடு முழுக்க மதுக்கடை அடைப்பு. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலை மட்டும் திறந்து வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஓட்டுநர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. என் பக்கத்தில் நின்ற பெரியவர் இரக்கப்பட்டு மொழிபெயர்த்தார்.

"இனி டீசல் தேவையில்ல, பஸ் தானா ஓடுமாம். ஒங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்."

மாத்தளையில் இறங்கியபோது ரிஸ்வான் காத்திருந்தான். ஏழு வருடம் கழித்துச் சந்திக்கிறோம். கட்டிப்பிடிக்க வந்தவன் இரண்டடி தள்ளி நின்றுவிட்டான்.

"மச்சான், நீ குடிச்சிட்டு வந்தியா, இல்லாட்டி குளிச்சிட்டு வந்தியா?"

அவன் வீட்டில்தான் இரவு தங்கல். தொழுகைக்கு விரிக்கும் பாய் இருக்கும் வீட்டுக்குள் இந்தப் பையைக் கொண்டுபோவது எப்படி என்று வாசலில் ஒரு மாநாடு நடந்தது. கடைசியில் பை கொய்யா மரத்தில் தொங்கியது. உடுப்புகள் கொல்லைக் கொடியில் காய்ந்தன. ரிஸ்வானின் உம்மா சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"மகன், அது என்ன வாசம்?"

"கால்வலி மருந்து உம்மா. இந்தியாத் தைலம்."

"அல்லாஹ்வே, அந்தப் புள்ளைக்கு எவ்வளவு கால்வலி!"

அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் அன்போடு சோறும், மாட்டிறைச்சிக் கறியும், அதன் மேல் வட்டிலாப்பமும் வந்தன. வட்டிலாப்பம் என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்து செய்த சதி. இரண்டாவது துண்டுக்குப் பிறகு கால்வலி உண்மையாகவே வந்துவிடும் போலிருந்தது. பொய் சொன்ன வீட்டில் இவ்வளவு நன்றாகச் சாப்பிட்டதற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கொஞ்சம்தான். மூன்றாவது துண்டும் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை உடுப்புகள் காய்ந்திருந்தன. வாசம் போகவில்லை, வயது ஏறியிருந்தது. ரிஸ்வானின் சட்டை எதுவும் எனக்குப் பொத்தான் பூட்டவில்லை. வேறு வழியின்றி என் சொந்தச் சட்டையையே போட்டுக்கொண்டேன்.

எல்கடுவ ஏறும் பாதையில் ரிஸ்வானின் வேன் இரண்டு முறை நின்றது. ஒருமுறை எஞ்சின் சூடானதால், ஒருமுறை நான் வாந்தி எடுத்ததால். ஒரு துளிகூடக் குடிக்காமல் வாந்தி எடுத்தது என் வாழ்க்கையில் அதுவே முதல் முறை. ரோட்டோரம் நடந்துபோன இரண்டு பெண்கள் என் சட்டை வாசத்தைப் பிடித்துவிட்டு, "காலங்காத்தாலயேவா, கருமம்" என்று பேசிக்கொண்டு போனார்கள். விளக்கம் சொல்லும் நிலையில் நான் இல்லை.

பெனடிக்டின் வீடு லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசிக் காம்பரா. துபாய்க் காசில் முன்னால் ஒரு சிமெண்டு அறை சேர்த்துக் கட்டியிருந்தான். வாசலில் அவன் ஓட்டும் த்ரீவீல் ஆட்டோ. சுவரில் இருதய ஆண்டவர் படம், அதன் கீழே மேசை, மேசை மேல் மூன்று சாராயப் போத்தல்கள். இருதய ஆண்டவர் பார்வையை எங்கள் தலைக்கு மேலே எங்கோ வைத்திருந்தார்.

"கடையெல்லாம் மூடியிருக்கே, எப்படிச் சமாளிச்சே?" என்றேன்.

"முன்னாடியே எடுத்து வச்சிட்டேன் மச்சான். நீ ஒக்காரு."

போயா லீவு நாளில், பகல் பதினொரு மணிக்கு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு எங்கள் விருந்து ஆரம்பமானது. கறிக்கடையும் மூடல் என்பதால் கடிப்பதற்கு அவித்த மரவள்ளி, பொரித்த கருவாடு, தட்டு நிறைய ரொட்டி, மிளகாய் இடித்துச் செய்த கட்டச் சம்பல். கட்டச் சம்பலை வாயில் வைத்ததும் என் காதுக்குள் ரயில் ஓடியது. எங்கள் ஊரில் காரம் சுவைக்காகப் போடுவார்கள். இங்கே காரத்துக்குத் துணையாகக் கொஞ்சம் வெங்காயத்தையும் அனுமதிக்கிறார்கள்.

பெனடிக்ட் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு கிளாஸ் ஊற்றினான். ரிஸ்வானுக்கு இஞ்சி பியர். அது இங்கே சோடா வகை, போதை கிடையாது. நான் என் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நல்ல பொன்னிறம். மூக்கருகே கொண்டுபோய் மூச்சை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா! தென்னஞ்சாராயம்னா இதுதான். மரப்பீப்பாய் வாசம் தனியாத் தெரியுது பார்" என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அப்புறம்தான் குடித்தேன்.

ஆறிப்போன சாயத்தண்ணி. பால் இல்லாத வெறும் தேயிலைத் தண்ணீர், சீனிகூட இல்லை. எனக்கு மணத்தது என் சட்டை.

"எப்படி இருக்கு மச்சான்?" என்று கேட்டான் பெனடிக்ட். அவன் நெற்றி வேர்த்திருந்தது.

ஒரு நேர்மையான மனிதன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். ஆனால் மரப்பீப்பாயைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு, "இது டீ" என்று எந்த முகத்தோடு சொல்வது? "தூக்குது" என்றேன்.

சீட்டுப் பெட்டியைப் பிரித்தேன். முதலில் 'ஏழு' என்ற விளையாட்டு. வட்டமாக எண்ணிக்கொண்டு போக வேண்டும், ஏழும் ஏழின் மடங்கும் வந்தால் எண்ணைச் சொல்லாமல் கைதட்ட வேண்டும், தவறினால் ஒரு மிடறு. மூன்று பேருமே கணக்கில் புலிகள் என்பதால் இருபத்தெட்டை யாரும் உயிரோடு தாண்டவில்லை. அடுத்தது மேசையில் காசைத் துள்ளவைத்துக் கோப்பைக்குள் விழுத்துவது. காசு கருவாட்டுத் தட்டுக்குள் போனது, கட்டச் சம்பலுக்குள் போனது, ஒருமுறை ஜன்னல் வழியாகத் தேயிலைக்குள்ளேயே போய்விட்டது. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு மிடறு. அரை மணி நேரத்தில் முதல் போத்தல் காலி.

நாலு கிளாஸ் சாராயத்துக்குப் பிறகு மனிதன் நிதானமாக இருந்தால் சந்தேகம் வரும். எனவே எனக்கு நாக்குக் குழறத் தொடங்கியது. பெனடிக்ட் என்னைப் பார்த்துவிட்டு அவனும் தள்ளாடினான். நான் பாடினேன். அவன் அழுதான். நான் அவனை மிஞ்சுவதற்காகக் கதிரையோடு விழுந்தேன், நாற்காலிக் கால் ஒன்று முறிந்தது. ரிஸ்வான் ஒருவன்தான் எதையும் நடிக்காமல் இரண்டு முறை பாத்ரூம் போய்வந்தான்.

மூன்றாவது விளையாட்டு உலகப் புகழ் பெற்றது. ஒருவர், "நான் ஒருநாளும் இன்னதைச் செய்ததில்லை" என்று சொல்ல வேண்டும். அதைச் செய்திருப்பவர்கள் ஒரு மிடறு குடிக்க வேண்டும். செய்யாதவர்கள் சும்மா இருக்கலாம். பாதிரியார் இல்லாத பாவசங்கீர்த்தனம் என்று துபாயில் பெனடிக்ட் இதற்குப் பெயர் வைத்திருந்தான்.

ரிஸ்வான் தொடங்கினான். நல்ல மனுசன், வேண்டுமென்று சொல்லவில்லை.

"நான் ஒருநாளும் சிநேகிதனுங்களுக்குப் பொய் சொன்னதில்ல."

பெனடிக்ட் தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்துக் குடித்தான். சிறிது யோசித்துவிட்டு நானும் குடித்தேன். அதற்குப் பிறகு ரிஸ்வான் தன் உம்மாவையும் தைலத்தையும் நினைத்துக்கொண்டவனாக, "உம்மா சிநேகிதன் இல்லத்தானே?" என்று மெதுவாகக் கேட்டான்.

பெனடிக்ட் கிளாஸை மேசையில் வைத்தான். தள்ளாட்டம் எல்லாம் போயிருந்தது.

"இது சாயத்தண்ணி மச்சான். மூணு போத்தலும் அதுதான். நான் குடிய விட்டு ஒரு வருசமும் நாலு மாசமும் ஆச்சு."

"தெரியும்" என்றேன்.

"மரப்பீப்பாய்னு சொன்னியே?"

நான் ஒரு துண்டு மரவள்ளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அவன் கட்டப்போகும் ஸ்டெல்லா தோட்டத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை. அவளுடைய அப்பா கசிப்பு குடித்தே செத்தவர். கசிப்பு என்றால் எங்கள் ஊர்க் கள்ளச்சாராயம். ஸ்டெல்லாவின் அம்மா, லூர்து மாமி, கொழுந்து பறிப்பவர். பெண் கேட்டுப் போனபோது அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பெனடிக்ட் பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

"மாமி இன்னும் என்ன நம்பல. ஒரு நாள்கூட மாப்பிள்ளன்னு கூப்பிட்டதில்ல. 'த்ரீவீல் தம்பி'ன்னுதான் கூப்பிடுறாங்க. வர்ற ஞாயித்துக்கெழம கடைசி ஓல வாசிக்கணும். திங்கக்கெழம கல்யாணம்."

மாதா கோயிலில் மூன்று ஞாயிறு தொடர்ந்து கல்யாண அறிவிப்பு வாசிப்பதைத்தான் ஓலை என்கிறார்கள். வாசித்துவிட்டு, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார்.

"அப்ப எங்ககிட்ட ஏன்டா மறைச்சே?" என்றான் ரிஸ்வான்.

"இவன் அந்தப் பெட்டியப் போட்டோ எடுத்து அனுப்புனான். குடிக்கிறதில்லன்னு சொன்னா வரமாட்டான்னு நெனச்சேன். வந்தாலும், அது இல்லாம நம்மளுக்குள்ள பேச என்னா இருக்குன்னு பயமா இருந்திச்சு. அதான் போயா நாளாப் பாத்துக் கூப்பிட்டேன். தீந்துபோச்சுன்னா வெளிய வாங்க முடியாதுதானே."

எனக்கு மண்டையில் அடித்தது போலிருந்தது. ஆறு வருடம் ஒரே அறையில் தூங்கி எழுந்திருக்கிறோம். இவனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்திருக்கிறேன். அத்தனையையும் தாண்டி, ஒரு போத்தல் இல்லாவிட்டால் கடல் தாண்டி வரமாட்டேன் என்று என்னைப் பற்றி அவன் முடிவு கட்டியிருக்கிறான். அதைவிடக் கொடுமை, அவன் அப்படி நினைக்க நான் நிறையக் காரணம் கொடுத்திருக்கிறேன்.

ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். கதவு திறந்தது.

மெலிந்த ஒரு பெண்மணி, கையில் துணிப்பையோடு, வாசலில் நின்றார். பையிலிருந்து கல்யாணக் கோட்டின் கை ஒன்று தொங்கியது. தையல்காரரிடம் வாங்கிக்கொண்டு நேரே வந்திருக்கிறார். அவர் மூக்கு இரண்டு முறை அசைந்தது. மேசையில் மூன்று சாராயப் போத்தல்கள், ஒன்று காலி. தரையில் உடைந்த கதிரை. அறை முழுக்க விஸ்கி வாசம்.

"மாமி" என்று எழுந்தான் பெனடிக்ட்.

லூர்து மாமி சத்தம் போடவில்லை. பையைத் தரையில் வைத்தார்.

"நான் எதிர்பாத்ததுதான். ஞாயித்துக்கெழம சாமியார் கேப்பாருதானே தடை இருக்கான்னு. நானே எந்திரிச்சுச் சொல்றேன்."

"மாமி, சத்தியமா அது சாயத்தண்ணி..."

"இருவத்தேழு வருசம் இந்த வாசத்தோட குடும்பம் நடத்துனவ நான். எனக்கு எது சாயத்தண்ணின்னு தெரியாதா தம்பி?"

ஒரு வருடம் நாலு மாதம் ஒரு சொட்டுத் தொடாமல் காத்ததை, என் சட்டை ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிட்டது. எனக்கு முன்பின் யோசனை ஓடவில்லை. நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"அம்மா, வாசம் என்மேலதான் வருது. பஸ்ஸுல போத்தல் உடைஞ்சு எல்லா உடுப்பும் நனைஞ்சுபோச்சு. மோந்து பாருங்க."

நாற்பத்து மூன்று வயதில், ஒரு வேற்று நாட்டில், முன்பின் தெரியாத பெண்மணியிடம் என்னை மோந்து பார்க்கச் சொல்லும் நிலைமை எனக்கு வந்தது. அவர் வெட்கப்படவில்லை. காலரருகே ஒருமுறை, கையருகே ஒருமுறை மோந்தார். பிறகு, "வாயத் தொறங்க" என்றார். திறந்தேன். கருவாடும் கட்டச் சம்பலும் மட்டும்தான் பேசியிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்னைத் தாண்டி மேசைக்குப் போனார். பெனடிக்டின் கிளாஸை எடுத்தார். மோந்தார். ஒரு மிடறு குடித்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"தூள் கூடிப்போச்சு" என்றார். "ரொம்ப நேரம் ஊறவும் வச்சிருக்க. கசக்குது."

இரண்டாவது போத்தலைத் திறந்து ஊற்றிப் பார்த்தார். மூன்றாவதையும் விடவில்லை. கலால் அதிகாரிகூட அவ்வளவு ஒழுங்காகச் செய்யமாட்டார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"சாயத்தண்ணியக் குடிச்சிட்டா கதிரைய ஒடச்சீங்க?"

"அது நான்தான்" என்றேன்.

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்தார். ஒரு பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஒரு ரொட்டியைப் பிய்த்து, சம்பல் தொட்டு, என்னைப் போலக் கண் கலங்காமல் மென்றார். மேசையில் கிடந்த சீட்டுகளைக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

ரிஸ்வான் விளையாட்டை ஒழுங்காக விளக்கினான். ஒருவர் தான் ஒருநாளும் செய்யாததைச் சொல்ல வேண்டும், அதைச் செய்தவர் குடிக்க வேண்டும்.

"ஹரி" என்றார், சிங்களத்தில் சரி என்பது அப்படித்தான். "நானும் ஒண்ணு சொல்றேன்."

இன்னொரு துண்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் ஒருநாளும், லீவு நாள்ல, குடிக்காத ஆம்பளைங்களோட ஒரே மேசையில ஒக்காந்து தின்னதில்ல."

மாமி பெனடிக்டின் கிளாஸைக் கையில் எடுத்தார்.

விதி என்றால் விதி. ரிஸ்வான் மரியாதையாக இடைமறித்தான்.

"இல்ல மாமி, நீங்க குடிக்கக் கூடாது. செஞ்சவங்கதான் குடிக்கணும்."

மாமி கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"அதான் இப்ப செஞ்சிட்டேனே" என்று சொல்லிவிட்டு, அந்தக் கசப்பை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கிளாஸை பெனடிக்டிடம் நீட்டினார்.

"அடுத்த தடவ சீனி போடுங்க, மாப்பிள்ள."